முன்பாதி இல்லாத சொல்

பம்மல்
9 ஜூன் 2025

பிரிட்டோ அண்ணாவுக்கு,

கிறிஸ்டினா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். போனில் என் நம்பரைத் தடுத்துவைத்து இரண்டு வருஷம் ஆகிறது. தபாலை அப்படித் தடுக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்த பிறகு கிழியுங்கள். உறவு கொண்டாட வரவில்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்து, பாதிரியாராகக் குருமடத்துக்குப் போய் லத்தீன் படித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

எட்டு மாதமாகத் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போகிறேன். என் வீட்டுக்காரர் அங்கே சூப்பர்வைசர். பெயரைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன், சக்திவேல். முதலாளி துளசிங்கம், அந்தப் பக்கத்துப் பழைய ஊர்க்காரர். அவருடைய அப்பா காலத்தில் நெல் போட்ட குடும்பம். பெண்கள் ஏழு பேர் இருக்கிறோம். பினாயில், தரை துடைக்கிற லிக்விட், இவற்றைத்தான் இதுவரை பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தோம்.

போன மாதக் கடைசியில் பதினொரு நீலப் பீப்பாய்கள் வந்து இறங்கின. எல்லாவற்றிலும் லேபிளைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் சுரண்டியவருக்குக் கை சலித்துவிட்டதோ என்னவோ, ஒரு சொல்லின் கடைசி நான்கு எழுத்து மிச்சம் இருக்கிறது. சி, ஐ, டி, ஈ. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

என் பக்கத்தில் உட்காருகிற செல்லியம்மாள் மூடியைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். “இன்னாமே இது, அழுவிப்போன பூண்டு கணக்கா நாத்தம்!” சக்திவேலிடம் கேட்டேன். “வெளியூர் கம்பெனி பேரோட வாலு அது. உனக்கு இன்னாத்துக்கு?” என்றார். அவர் பொய் சொல்லும்போது காது மடலைப் பிடித்துக்கொள்வார். அப்போது பிடித்துக்கொண்டார்.

வீட்டு முகவரிக்கே பதில் போடலாம். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் இல்லை அவர்.

கிறிஸ்டினா

*

கூடுவாஞ்சேரி
14 ஜூன் 2025

திருமதி கிறிஸ்டினா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அது தனிச்சொல் அல்ல. ஆங்கிலத்தில் பல சொற்களின் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் விகுதி. ‘சைட்’ என்று உச்சரிக்க வேண்டும். அதன் வேர் லத்தீனில் ‘சேதெரே’ என்ற வினைச்சொல். வெட்டுவது, வெட்டி வீழ்த்துவது, கொல்வது என்று பொருள். நம்முடைய ‘சேதம்’ காதில் விழுகிறது. ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டென்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

மேற்குத் தாம்பரத்தில் நான் பாடம் எடுக்கும் கோச்சிங் சென்டரில் இந்த ஒரு விகுதிக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குகிறேன். பூஞ்சையைக் கொல்வது பங்கிசைட். களையைக் கொல்வது ஹெர்பிசைட். எலியைக் கொல்வது ரோடன்டிசைட். பூச்சியைக் கொல்வது இன்செக்டிசைட். எது சாக வேண்டும் என்பதை முன்பாதி சொல்லும். பின்பாதிக்குச் சாவு என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாது. ஆகவே பீப்பாயில் மிச்சமிருக்கும் நான்கு எழுத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடப்பதை ‘கோஇன்சைட்’ என்பார்கள். எழுத்து அதேதான், வேர் வேறு. ‘விழு’ என்ற வினையிலிருந்து வந்தது, கொலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாணவர்கள் இதில் ஏமாறுவார்கள். பீப்பாயின் மேல் யாரும் அதை எழுதுவதில்லை.

கேள்விக்குப் பதில் முடிந்தது. இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ச. பிரிட்டோ

பி.கு.: கைக்கு உறை தருகிறார்களா? ரப்பரா, துணியா?

*

பம்மல்
21 ஜூன் 2025

அண்ணா,

எழுத வேண்டாம் என்றும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? முதல் கடிதத்தில் ‘நீங்கள்’ போட்டு எழுதினேன். எட்டு பக்கம் கிழித்த பிறகுதான் அது ஒழுங்காக வந்தது. இந்தத் தடவை என்னால் முடியாது.

துணி உறை. நனைந்தால் கையோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் செல்லியம்மாள் போடுவதே இல்லை.

அந்தத் திரவத்தில் தண்ணீர் கலந்து சின்னச் சின்ன பாட்டிலில் அடைக்கிறோம். பாட்டிலின் மேல் கரப்பான் பூச்சி மல்லாந்து கிடக்கிற படம். கீழே பச்சை எழுத்தில், ‘சமையலறைக்கு உகந்தது. குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பாதுகாப்பானது.’ மேடவாக்கம் பக்கத்து அபார்ட்மென்டுகளுக்குப் போகிறது. பெட்டிக்கு இருபத்துநாலு. இதுவரை நூற்றுக்கு மேல் பெட்டி ஏற்றியாகிவிட்டது.

போன வாரத்திலிருந்து எல்லோருக்கும் தலைவலி. எனக்கு மத்தியானத்துக்கு மேல் பார்வை மங்குகிறது, யாரோ டியூப்லைட்டைக் குறைத்த மாதிரி. முதலாளியிடம் சொன்னோம். மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும் வருகிறது. “வெயில்மா. நீங்கல்லாம் என் பொண்ணுங்க மாதிரி. சாப்புட்டு வேலை பாருங்க” என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பீப்பாய் இருக்கிற பக்கம் அவர் ஒரு நாளும் வந்து நின்றதில்லை. வாசலிலிருந்தே பேசிவிட்டுப் போய்விடுவார்.

உன் பட்டியலைச் செல்லியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். பூஞ்சை, களை, எலி, பூச்சி. “மனுசனுக்கு இல்லியா?” என்று கேட்டார். அதை உன்னிடம் கேட்கிறேன். மனுஷனைக் கொல்வதற்கு என்ன சொல்? அப்பாவைக் கொல்வதற்கு? கல்லறைத் தோட்டத்தில், அப்பாவின் பெட்டி இன்னும் குழியில் இறங்கவில்லை, அத்தனை பேர் முன்னால் நீ என்னைப் பார்த்துச் சொன்னாய், “நீதான் அவரைக் கொன்ன.” சக்திவேலைக் கட்டிக்கொண்டதால் அப்பா நெஞ்சு வெடித்துச் செத்தார் என்றாய். அதைத் தமிழில் சொல்லிவிட்டாய். லத்தீனில் என்ன?

கிறிஸ்டி

*

கூடுவாஞ்சேரி
27 ஜூன் 2025

கிறிஸ்டினா,

மனிதனைக் கொல்வது ஹோமிசைட். தகப்பனைக் கொல்வது பாட்ரிசைட். இந்தச் சொற்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லத்தீனில் கொன்றவனைக் குறிக்க ஒரு வடிவம், கொலையைக் குறிக்க வேறொரு வடிவம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதற்குள் இரண்டும் தேய்ந்து ஒன்றாகிவிட்டன. அதனால் பாட்ரிசைட் என்றால் அந்தச் செயல். அந்த ஆளும் அதேதான். செய்தவனையும் செய்ததையும் பிரித்துப் பார்க்க அந்தச் சொல் இடம் தராது.

வகுப்பில் பட்டியலின் ஏழாவது வரி அது. இரண்டு வருஷமாக நான் அந்த வரியைத் தாண்டித்தான் போகிறேன். போன மாதம் ஒரு பெண், “சார், ஏழை விட்டுட்டீங்களே” என்றாள். தேர்வில் வராது என்று சொன்னேன். வரும்.

மற்றதற்கு இப்போது பதில் எழுத வரவில்லை. எழுதுவேன்.

நேற்று ஜி.எஸ்.டி. ரோட்டில் விதையும் உரமும் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் தினகரன், வேளாண்மை படித்தவர். நீ எழுதியதை அப்படியே சொன்னேன். பூண்டு நாற்றம் என்றதுமே எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். “கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சின்னதாகுதா? எச்சில் ஊறுதா? காரணமில்லாம வேர்க்குதா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “தெரிஞ்சுக்கிட்டு வாங்க சார். அப்புறம் அவங்களை அங்கே அனுப்பாதீங்க.”

அவர் சொன்ன இன்னொன்று. இந்த மாதிரி மருந்து எல்லாவற்றிலும் சட்டப்படி ஒரு டைமண்டு வடிவக் குறி அச்சடித்திருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம். பச்சை என்றால் குறைந்த நஞ்சு, பிறகு நீலம், பிறகு மஞ்சள். சிவப்பு என்றால் அதற்கு மேல் இல்லை. சுரண்டிய இடத்தில் ஏதாவது நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பார்.

இல்லை, பார்க்காதே. வேலைக்குப் போகாதே. செல்லியம்மாளையும் போகவேண்டாம் என்று சொல்.

பிரிட்டோ

*

பம்மல்
2 ஜூலை 2025

அண்ணா,

உன் கடிதம் நேற்று பிரித்த உறையில் வந்தது. பிரித்து, பசை போட்டு மறுபடி ஒட்டியிருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்க மாட்டார் என்று நான்தான் உனக்கு எழுதினேன்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடிதம் திங்கட்கிழமையே வந்திருக்கிறது, அவர் கையில் கிடைத்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அன்றைக்கு நானாகவே, சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு, அந்தப் பீப்பாயைப் பார்க்கப் போனேன். எழுத்துக்குக் கீழே, ஒரு விரல் தள்ளி, நகத்தளவு நிறம் ஒட்டியிருந்தது. சிவப்பு. அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் சக்திவேல் நிற்கிறார். கையில் பட்டி பார்க்கிற தகடு.

“அதையும் சுரண்டச் சொன்னாரு முதலாளி” என்றார்.

“அப்ப மத்ததெல்லாம்?”

“நான்தான்.”

“இது இன்னா மருந்துன்னு தெரியுமா உங்களுக்கு?”

காதைப் பிடித்துக்கொள்ளவில்லை அவர். “வயலுக்கு அடிக்கிறது. தண்ணி நெறைய கலக்கிறோம் இல்ல, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னாரு. இந்த ஆர்டர் முடிஞ்சா கூடுவாஞ்சேரில புது யூனிட்டு, அதுக்கு நான்தான் மேனேஜராம். ஒரே மாசம் கிறிஸ்டி. கண்ணை மூடிக்கினு இரு.” அப்படிச் சொல்லிவிட்டு, அந்தச் சிவப்பையும் நான்கு எழுத்தையும் என் கண் முன்னாலேயே சுரண்டினார். தூள் என் செருப்பின் மேல் விழுந்தது.

நேற்று காலை செல்லியம்மாளால் புனலைப் பிடிக்க முடியவில்லை. தோள்பட்டைச் சதை தானாகத் துடித்தது. “இன்னாமோ பண்ணுது கிறிஸ்டி, உன் மூஞ்சியே தெரியலமே, இருட்டிக்கினு வருது” என்றார். வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. அப்படியே சாய்ந்துவிட்டார். முதலாளியின் காரிலேயே ஒரு சின்ன கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். வெயில் மயக்கம் என்று சொல்லச் சொல்லி எங்கள் எல்லோருக்கும் உத்தரவு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உன் கடிதத்தைத் தந்தார். நான் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு என் போனை வாங்கி அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். “கொஞ்ச நாள் யாருகிட்டயும் பேச வேணாம்.” குரலை உயர்த்தவில்லை, கையை ஓங்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

செல்லியம்மாளின் மகள் கீதா வாசல் பக்கம் வந்தாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கிறிஸ்டி

*

தாம்பரம், ஆஸ்பத்திரி வராண்டா
4 ஜூலை 2025

கிறிஸ்டி,

கீதா நேற்று கோச்சிங் சென்டருக்கே வந்துவிட்டாள். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவளோடு கிளினிக்குக்குப் போனேன். குளுக்கோஸ் மட்டும் ஏற்றிவைத்திருந்தார்கள். மல்லுக்கட்டி, ஆட்டோவில் போட்டு இங்கே கொண்டுவந்தோம். நானும் உறவுதான் என்று கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் ஒரு பெண். டார்ச்சைக் கண்ணில் அடித்துப் பார்த்துவிட்டு நேராக என்னைக் கேட்டார், “என்ன மருந்து?” பூச்சிமருந்தாக இருக்கும் என்றேன். “பேரு?” தெரியாது. “சார், அறிகுறியை வச்சு ஒரு ஊசி போட்டுட்டிருக்கோம். இன்னொண்ணு இருக்கு. அதைக் குடுக்கறதா வேணாமாங்கறது இது எந்த வகைன்னு தெரிஞ்சாதான். நேரம் போகப் போக அதுக்கும் பலன் குறையும்.” கடைக்காரர் தினகரனையும் போனில் கேட்டுப் பார்த்தார். இந்த நாற்றத்தில் பத்து மருந்து இருக்கிறது என்றார் அவர். விகுதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்த எனக்கு, இந்த வராண்டாவில் வாயில் ஒரு சொல் இல்லை.

உன் நம்பரின் தடையை நீக்கிவிட்டேன். ஒன்பது முறை கூப்பிட்டேன். அணைத்துத்தான் இருக்கிறது. வீட்டுக்கே வந்துவிடலாம் என்று கிளம்பினேன். “உங்களைப் பார்த்தா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அக்கா கேட்டாதான் சொல்லுவாரு” என்று கீதா தடுத்துவிட்டாள். அவள் சொல்வது சரியென்று பட்டது. பெயர் சக்திவேலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுரண்டியவர் படிக்காமல் சுரண்டியிருக்க முடியாது. இதைக் கீதா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கேள்.

இன்னொன்று. இதை இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன். அப்பா இறந்த அன்று காலை தாம்பரம் ஸ்டேஷனில் ஐந்தாவது பிளாட்பாரத்தில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். “குருமடத்துக்குத் திரும்பிப் போறியாடா?” என்று கேட்டார். “மாட்டேன்” என்றேன். “ஒரு வருஷம் கழிச்சாவது?” என்றார். “எப்பவுமே மாட்டேன், இனிமே கேக்காதீங்க” என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. உன் பெயரை அன்றைக்கு அவர் எடுக்கவே இல்லை கிறிஸ்டி. உன்மேல் அவருக்கு இருந்த வருத்தம் ஒரு வாரத்திலேயே ஆறிப்போயிருந்தது. கல்லறையில் நான் உன்னைக் காட்டிச் சொன்னது, யாரும் என்னைக் காட்டிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

சகோதரியைக் கொல்வதற்கும் ஒரு சொல் இருக்கிறது. சொரோரிசைட். நான் உயிரோடிருக்கிற உன்னை அத்தனை பேர் முன்னால் அதைத்தான் செய்தேன்.

பிரிட்டோ

*

5 ஜூலை 2025

அண்ணா,

அவசரம். அட்டைப்பெட்டி கிழிசலில் எழுதுகிறேன். பின்பக்கத்தில் பெயர் இருக்கிறது. எழுத்துப் பிசகாமல் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் முதலில் அதைக் காட்டு, மிச்சத்தை அப்புறம் படி.

உன் கடிதத்தை அவரிடமே கொடுத்தேன். ஆஸ்பத்திரி பற்றி எழுதிய பக்கத்தை மட்டும். “செல்லிக்கா போய்டுமா?” என்று கேட்டார். “பேரு சொன்னா பொழைக்கலாம்” என்றேன். கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சுரண்டுவதற்கு முன்னால் பீப்பாயைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். “நாளைக்கு ஏதாச்சும் ஆச்சின்னா என் தலையிலதான் விடியும். அதான் எடுத்து வச்சேன்” என்றார். அப்படியானால் முதல் நாளே தெரிந்திருக்கிறது, அண்ணா. தெரிந்துதான் என்னையும் அதன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

முன்பாதி எதுவாக இருக்கும் என்று எத்தனையோ நினைத்துக்கொண்டிருந்தேன். ‘இன்செக்டி’ என்றுதான் இருக்கிறது. வெறும் பூச்சி. கீழே பெரிய எழுத்தில், வயலுக்கு மட்டும், வீட்டுக்குள் பயன்படுத்தக் கூடாது.

நீ எழுதிய மற்றதைப் படித்தேன். இரண்டு வருஷம் நான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

கி.

*

கூடுவாஞ்சேரி
10 ஜூலை 2025

கிறிஸ்டி,

பெயர் சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் கைக்குப் போனது. உடனே இரண்டாவது மருந்தை ஆரம்பித்தார்கள். நான்கு நாள் மெஷின் மூச்சு. நேற்று குழாயை எடுத்துவிட்டார்கள். செல்லியம்மாள் முதலில் கேட்டது, “அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான் குந்திகினு கீறாளா?”

ஆஸ்பத்திரியிலிருந்தே போலீசுக்குத் தகவல் போய்விட்டது. நானும் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் நல்லவிதமாகத்தான் பேசினார். ஆனால் அவர்கள் திருமுடிவாக்கம் போய்ப் பார்த்தபோது பீப்பாயே இல்லை. தரையெல்லாம் பினாயில் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். மேஜையில் பால் டம்ளர்கள் மட்டும் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்களாம். “பேரு எப்படித் தெரிஞ்சுது? யார் பார்த்தது?” என்று கேட்கிறார். உன் பெயரை நான் எடுக்கவில்லை.

அந்தப் படத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. படத்தைக் கொடுத்தால் சக்திவேலும் உள்ளே போவார். கொடுக்காவிட்டால் மேடவாக்கத்துக்குப் போன பெட்டிகளைத் தேட யாரும் கிளம்ப மாட்டார்கள்.

கொடு என்று நான் சொல்ல மாட்டேன். உன் வாழ்க்கையில் ஒரு தடவை தீர்ப்புச் சொல்லிவிட்டேன், அது போதும். முடிவெடுப்பதை ஆங்கிலத்தில் ‘டிசைட்’ என்கிறோம். அதுவும் அதே வேர்தான், வெட்டித் தள்ளுவது. இரண்டு வழியில் ஒன்றை வெட்டிவிடுவது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் ரசிப்பார்கள். உனக்கு எழுதும்போது கை கூசுகிறது.

பிரிட்டோ

*

பம்மல்
14 ஜூலை 2025

அண்ணா,

நேற்று முதலாளி வீட்டுக்கு வந்தார். ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு பெரிய பை. சக்திவேல் நாற்காலி போட்டார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“உங்க அண்ணன் கூடுவாஞ்சேரில தனியா கீறாராமே. ஸ்டேஷனுக்குப் பின்னால, மாடி வூடு. படிக்கட்டுல கைப்பிடியே இல்ல, பாத்தேன். வூட்டுக்காரன்கிட்ட சொல்லிப் போடச் சொல்லும்மா. சாயந்திரம் வகுப்பு முடிச்சி வர்ற மனுசன், கால் தவறிச்சின்னா?” என்றார்.

போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் சக்திவேல் கதவைத் தாழிட்டார். “இதுக்குதான் சொன்னேன். வுட்டுடு கிறிஸ்டி. செல்லிக்காதான் பொழைச்சிடுச்சே.” “அந்தப் பாட்டில் வாங்கினவங்க?” என்றேன். “அவங்க யாருன்னே நமக்குத் தெரியாதே” என்றார். அதைச் சமாதானமாகத்தான் சொன்னார், அண்ணா. எங்களுக்குத் தெரியாதவர்கள் என்பது அவருக்கு நிஜமாகவே ஓர் ஆறுதலாக இருந்தது. அந்த நிமிஷம்தான் என் மனசு முடிவுக்கு வந்தது.

சக்திவேல் குளிக்கப் போன நேரத்தில் அவர் போனிலிருந்து படத்தைக் கீதாவின் போனுக்கு அனுப்பினேன். மறைக்கவில்லை. அவர் வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். “நான் உள்ள போவேன் தெரியுமா?” “தெரியும்.” “வந்து பாப்பியா?” போனை அவர் பக்கத்தில் வைத்தேன்.

நாளைக் காலை கீதாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அதன் பிறகு இந்த வீட்டுக்கு வர மாட்டேன். அனகாபுத்தூரில் செல்லியம்மாள் வீட்டில் இருப்பேன், அவருக்குச் சோறூட்ட ஆள் வேண்டும். நீ வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லாதே. இப்போது வேண்டாம். நீ அந்த வீட்டை முதலில் காலி செய்.

கிறிஸ்டி

*

தாம்பரம்
10 ஆகஸ்ட் 2025

கிறிஸ்டி,

உன்னிடம் போன் இல்லாததால் ஞாயிறுதோறும் எழுதுவதாகச் சொன்னேன். இந்த ஞாயிறு எழுத நிறைய இருக்கிறது.

வீடு மாறிவிட்டேன். துளசிங்கம் கைதாகி, பன்னிரண்டாம் நாள் ஜாமீனில் வெளியே வந்திருக்கிறார். சென்டர் வாசலில் எதிர்ப்பக்கம் ஒரு கார் இரண்டு நாள் நின்றது. இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

புதன்கிழமை ஜெயிலுக்குப் போய் சக்திவேலைப் பார்த்தேன். நானாகத்தான் போனேன். உன் கல்யாணத்துக்கு வராதவன், அவரை முதன்முதலாகக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். “வாங்க மச்சான்” என்றார். தாடி வளர்ந்திருக்கிறது. உன்னைப் பற்றிக் கேட்டார், செல்லியம்மாளைப் பற்றிக் கேட்டார். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அவராகவே, “போலீசு பிடிச்சது குடோன்ல கீறது மட்டும்தான். நாப்பது பெட்டி கணக்குல எழுதாம போச்சி மச்சான். மேடவாக்கம் கூட்ரோடு தாண்டி ஒரு கடை. அங்கேர்ந்து பொண்ணுங்களை வச்சி வூடு வூடா விக்கிறான்” என்று அடையாளம் சொன்னார். எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். அதனால் அவருக்குத் தண்டனை குறையுமா கூடுமா என்று அவர் கேட்கவில்லை.

கடையில் இருந்ததை மறுநாள் எடுத்துவிட்டார்கள், ஐந்தரைப் பெட்டி. மற்றவை விற்றுப்போயின. யாருக்கு என்று கடைக்காரனிடம் கணக்கில்லை. போலீஸ் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய நோட்டீஸை யார் படிக்கிறார்கள்? தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற தாளுக்குக் கீழே அது மறைந்துவிட்டது. எனவே மூன்று நாளாக நான் கதவு கதவாகத் தட்டுகிறேன். சிலர் திறப்பதில்லை. சிலர் நான் வேறு மருந்து விற்க வந்தவன் என்று நினைக்கிறார்கள்.

நேற்று பகல் ஒரு மணிக்கு, நாலாவது மாடியில் அனுப்பிரியா என்ற பெண் திறந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். “ஆமா சார், இருக்கு, சூப்பரா வேலை செய்யுது” என்று எடுத்துவந்து கொடுத்தாள். பாதி காலி. விஷயத்தைச் சொன்னதும் எதிர்க் கதவைப் பார்த்தாள். “நான் எதிர் வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேனே” என்றாள். எதிர் வீட்டில் பூட்டு. அவர்கள் அன்று காலைதான் பெரும்பாக்கம் பக்கம் வீடு மாறிப் போயிருந்தார்கள்.

அங்கேயே நின்று போன் செய்தாள், ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு குழந்தை எடுத்தது. “அம்மா புது கிச்சனுக்கு மருந்து அடிக்கப் போறாங்க ஆன்ட்டி. எங்களை பால்கனிக்குப் போகச் சொல்லிட்டாங்க.”

“போனை அம்மாகிட்ட குடு, ஓடு!” என்று அனுப்பிரியா கத்தினாள். போன் தரையில் விழுந்த சத்தம். சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். கடைசியில் ஒரு பெண் குரல், மூச்சிரைக்க, “என்னடி, மூடியைத் திறந்துட்டு நிக்கிறேன், என்ன அவசரம்?” என்றது.

போய் அந்தப் பாட்டிலை நானே வாங்கிவந்தேன். அந்தக் குழந்தைக்கு நாலு வயது இருக்கும்.

மூன்று நாளில் அறுபத்தொரு பாட்டில் கிடைத்திருக்கிறது. கிடைக்காதவை எழுநூற்றுக்கும் மேல். புதன் வரை தனியாகப் போகிறேன். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில், மேடவாக்கம் பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். தனி ஆணைப் பார்த்தால் பாதிப் பேர் கதவைத் திறப்பதில்லை. நீ முன்னால் நின்று பேசினால் திறப்பார்கள்.

வருகிறாயா?

அண்ணன்
பிரிட்டோ